கிழ வண்டிக்கு என்ன விலை?

மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். விற்பவர் ஒரு பக்கம் நிற்பார். தரகர் எதிரே நிற்பார். இருவரும் கையைக் கோத்துக்கொள்வார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். சுற்றி நிற்கும் நூறு பேருக்கு ஒன்றும் தெரியாது. "சரி" என்று தலை அசைந்தால் கயிறு கை மாறிவிடும்.

அந்தத் துண்டை ஏன் போடுகிறார்கள் என்று சிறு வயதில் நான் யோசித்ததுண்டு. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், வயது தெரிந்துவிடுகிறது. சுழி பார்க்கிறார்கள், நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். இவ்வளவும் பட்டப்பகலில், பலர் முன்னிலையில் நடக்கிறது. விலையை மட்டும் மறைப்பானேன்? பிற்பாடுதான் விளங்கிற்று. மாடு எல்லாருக்கும் ஒரே மாடுதான். ஆனால் விலை ஆளுக்கு ஆள் வேறு. விற்பவரின் அவசரம், வாங்குபவரின் ஆசை, தரகரின் சாமர்த்தியம் ஆகிய மூன்றும் சேர்ந்த சரக்கு அது. அதை வெளிச்சத்தில் வைக்க முடியாது.

பழைய மோட்டார்க் கார் விஷயமும் இதுவேதான். ஆனால் மாட்டுக்கு இல்லாத ஒரு விசித்திரம் காருக்கு உண்டு. மாட்டுக்கு வயது ஏற ஏற விலை இறங்கும், இறங்கியது இறங்கியதுதான். காருக்கு அப்படி இல்லை. முதலில் மளமளவென்று இறங்கும். பிறகு பல வருஷம் விலையே இல்லாமல் கிடக்கும். அதற்குப் பிறகும் யாரோ ஒருவர் அதைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருந்தால், ஒரு நல்ல நாளில் மறுபடியும் ஏறத் தொடங்கும்.

இறங்கும் காலத்துக்கு அட்டவணை இருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்குள் விலையில் 5 சதவிகிதம் கழிவு. ஒரு வருஷத்துக்குள் 15. இரண்டு வருஷத்துக்குள் 20. பிறகு 30, 40, ஐந்தாவது வருஷத்தில் 50. ஐந்து வருஷத்துக்கு மேல்? "வண்டிக்காரரும் கம்பெனியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்" என்று அட்டவணை கையை விரித்துவிடுகிறது. அதாவது, ஐந்து வருஷத்துக்கு மேல் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்!

அட்டவணை கைவிட்ட இடத்தில் நியாயமான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதைப் பற்றிப் பேச ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள சாலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் கிடையாது.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் இராமாநுஜர் அவதரித்த தலம் என்று மட்டும் சொல்வார்கள். இன்று அதைச் சுற்றிப் புதுக் கார்கள் அவதரித்துக்கொண்டிருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் ஆலை 1996-ல் அஸ்திவாரம் போட்டு, 1998-ல் சான்ட்ரோ வண்டியை வெளியே அனுப்பிற்று. ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை 2010-ல் திறந்தது. டெய்ம்லர் லாரி ஆலை 2012-ல் வந்தது. அடுத்த வருஷம் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் வந்து சேர்ந்தன. புது வண்டிகளை ஓட்டியும் குலுக்கியும் சோதித்துப் பார்க்கும் மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் ஒன்றும் உண்டு. வண்டி பிறப்பதற்கும், சோதிக்கப்படுவதற்கும், தலைதெறிக்க ஓடுவதற்கும் இங்கே இடம் இருக்கிறது. வண்டி கிழமாவதற்கு மட்டும் இடம் இல்லை.

இந்தப் பக்கத்து இளைஞர்களைக் கேட்டால், 1996-க்குப் பிறகுதான் இங்கே காரே செய்தார்கள் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரகடத்தில் சாலைகள் கூடும் இடத்தில் நின்றுகொண்டு கிழக்கே திரும்புங்கள். அது வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. படப்பையைத் தாண்டி, மண்ணிவாக்கத்தைத் தாண்டி அதன் கிழக்கு முனைக்குப் போனால் வண்டலூர். அங்கேதான், இந்த ஆலைகளெல்லாம் வருவதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் முன்னதாகவே, ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயர் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா.

சென்னைக்கு மோட்டார்த் தொழில் புதிதல்ல. சிம்ப்ஸன் கம்பெனியில் 1903-லேயே ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். பிற்பாடு போர்டு கம்பெனி சென்னையில் வண்டிகளைப் பூட்டி விற்றது. சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், 1948-ல், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களுக்காகத் தொடங்கியது. பின்னர் அது லேலண்டு லாரிகளின் பக்கம் போய்விட்டது. அதே 1948-ல்தான் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. வான்கார்டு, எய்ட், டென், பென்னன்ட் என்று வரிசையாக வண்டிகள் வந்தன. 1961-ல் வந்தது ஹெரால்டு.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதன் விலையைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் என்ற பெயரில் அது வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அந்தக் காலத்தில் மற்றவர்களெல்லாம் உடலும் சட்டமும் ஒன்றாய்ச் சேர்ந்த வண்டிகளைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஹெரால்டு மட்டும் தனிச் சட்டத்தின் மேல், துண்டு துண்டான உடல் பாகங்களைப் போல்ட் போட்டு முடுக்கிய வண்டி. காரணம் வேடிக்கையானது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் கூடு செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தர ஆள் இல்லை. ஆகவே பல இடங்களில் சிறு சிறு பாகங்களாகச் செய்து வாங்கிப் பூட்டினார்கள். கஷ்டத்தில் பிறந்த அந்த ஏற்பாடு நம்மைப் போன்ற தேசத்துக்கு வசதியாய்ப் போயிற்று. பெட்டியில் வந்த பாகங்களை வண்டலூரில் பூட்டலாம். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யப் பழகலாம். அப்படியே செய்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கதவு இரண்டுதான். நாலு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே உண்டானது.

இன்னொரு விநோதம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே 1963-ல் கைவிட்டுவிட்டார்கள். வண்டலூர் அந்தப் பெயரை எண்பதுகளின் இறுதி வரைக்கும் வைத்துக் காப்பாற்றியது. தாய்வீடு இடிந்த பிறகும் புகுந்த வீட்டில் பெயர் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணைப் போல! எழுபதுகளில் கஸல் என்று ஒரு வண்டி வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உடம்பு புதிது, என்ஜின் பழைய வம்சம், பெட்ரோல் பசியோ பெரும் பசி. அதோடு கதை முடிந்தது. ஆலை இருந்த பக்கத்தில் இன்று கம்ப்யூட்டர் அலுவலகங்களும் அடுக்கு மாடிகளும் எழுந்திருக்கின்றன.

'நியாய விலை' என்ற சொல்லை ரேஷன் கடையோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். கார்களுக்கும் இந்த தேசத்தில் நியாய விலை கேட்டு வழக்கு நடந்தது. அதில் வண்டலூருக்கும் பங்கு உண்டு. 1953-ல் டாரிப் கமிஷன் சிபார்சின் மேல் சர்க்கார் ஒரு முடிவு செய்தது: இங்கே உற்பத்தி செய்யத் திட்டமுள்ளவர்கள் இருக்கலாம், பூட்டி விற்க மட்டும் வந்தவர்கள் போகலாம். போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார் என்று எஞ்சியது பெரும்பாலும் அம்பாஸடர், பியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று வீட்டுச் சரக்குத்தான். கேட்பவர் ஆயிரம், கிடைப்பதோ நூறு என்றால் என்ன நடக்கும்? புது வண்டிக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள், வண்டி கிடைத்த அதிருஷ்டசாலிக்கு மேல்பணம் கொடுத்தார்கள். நேற்று வாங்கிய வண்டியை இன்று விற்றால் லாபம்! பழைய காருக்குப் புதுக் காரைவிட அதிக விலை! கழிவு அட்டவணையெல்லாம் தலைகீழாய் நின்றது. புது வண்டி வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதியின்றி விற்கக் கூடாது என்று 1959-ல் சர்க்கார் உத்தரவே போட வேண்டியதாயிற்று.

பத்து வருஷம் கழித்து, 1969-ல், மூன்று கம்பெனிகளின் கார்களுக்கும் சர்க்கார் உச்ச விலை நிர்ணயித்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. கோர்ட்டின் யோசனைப்படி விசாரணைக் கமிஷன் ஒன்று உட்கார்ந்து கணக்குகளைப் பிரித்துப் பார்த்தது. 1971 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தொழிலில் போட்ட முதலுக்கு 16 சதவிகித வருவாய் நியாயம் என்று கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. வாங்குகிறவரின் நலத்தை மட்டும் பார்த்தால் போதாது, செய்கிறவரும் பிழைக்க வேண்டும். நியாய விலை என்பது இரண்டையும் பார்ப்பது. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். துண்டுக்கு அடியில் இருந்த விலையைத் தேசத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் மேஜை மேல் எடுத்து வைத்துச் செலவு, தேய்மானம், ஆதாயம் என்று பிரித்துக் காட்டியது. அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சில மாதங்களுக்கு முன் அதைப் பிரயோகித்துப் பார்க்கும் சந்தர்ப்பமும் வாய்த்தது.

படப்பைப் பக்கம் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். கணவர் கிராமங்களில் வைத்தியம் பார்த்த டாக்டர். காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாட்டுக் கொட்டகையாய் இருந்த இடத்தில் அவருடைய ஹெரால்டு நின்றது. நாலு கதவு, 1970-ல் பதிவானது, எண் 'எம்.எஸ்.' என்று தொடங்கும் பழைய எண். வீட்டு மாடியில் மழை ஒழுகிற்று. தளம் போடப் பணம் வேண்டும். வண்டியை விற்றுவிடலாமென்று தீர்மானித்தார்.

விலை கேட்டு மூவர் மூன்று கணக்குச் சொன்னார்கள். காயலான் கடைக்காரர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணூறு கிலோ என்று மனத்துக்குள் எடை போட்டு, "இருபத்திரண்டாயிரம், உடனே பணம்" என்றார். நகரத்திலிருந்து வந்த தரகர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், "ஓட்டை வண்டிம்மா, உங்க முகத்துக்காக எழுபதாயிரம்" என்றார். அமெரிக்காவிலுள்ள பையன், அங்கே ஏலத்தில் ஏதோ பழைய வண்டி போன விலையைப் பார்த்துவிட்டு, "பதினைந்து லட்சத்துக்குக் குறைந்து கொடுக்காதே அம்மா" என்று போனில் சொல்லிவிட்டான்.

"தம்பி, மூணு பேரும் மூணு விடை சொல்றாங்க. வழியை மட்டும் யாரும் எழுதிக் காட்டலை" என்றார் டீச்சரம்மா. கணக்கு வாத்தியார் அல்லவா?

வழியை எழுதிக் காட்ட என்னால் ஆகாது. அதற்கு ஒரு மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போனேன். வண்டலூர் ஆலையில் இளம் வயதில் பிட்டராகச் சேர்ந்து, அது மூடும் வரையில் இருந்தவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். வண்டியைப் பார்த்ததும் அவர் பெயின்டைப் பார்க்கவில்லை, என்ஜினைக் கிளப்பச் சொல்லவில்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். சேஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் துணியால் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார். "பொறந்த என்ஜினே இருக்குது சார். இதான் முதல் கேள்வி" என்றார்.

அடுத்துப் படுத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் போனார். ஹெரால்டின் உயிர் அதன் சட்டத்தில் இருக்கிறது. நடுச் சட்டத்திலிருந்து இரு பக்கமும் கைபோல் நீளும் இரும்புகள் துருப்பிடித்தால், மேலே எவ்வளவு பளபளப்பாயிருந்தாலும் வண்டி சவம்தான். ஸ்க்ரூ டிரைவரால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். இரண்டு இடத்தில் மட்டும் சத்தம் மழுங்கிற்று. பிறகு துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவுகளின் கீழ்ப்பக்கமாக நகர்த்தினார். இரும்பு உள்ள இடத்தில் காந்தம் பிடிக்கும். தகடு அரித்துப் பட்டி வைத்து மூடிய இடத்தில் வழுக்கிவிடும். இடப் பக்கத்துப் பின்கதவில் வழுக்கிற்று. பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முதலை வாயைத் திறப்பது போலிருக்கும். முன் சக்கரங்கள் திரும்பும் மூட்டைப் பார்த்தார். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, எண்ணெய்தான் விட வேண்டும். விஷயம் தெரியாத பட்டறைகளில் கிரீஸை அடித்துத் தேய்த்துவிடுவார்களாம். "டாக்டரு தெரிஞ்சவரு. எண்ணெய்தான் விட்டிருக்காரு" என்றார்.

கடைசியில்தான் என்ன இல்லை என்று பார்த்தார். ஒரு பின் விளக்குக் கண்ணாடி, முன் சின்னம், ஒரு கதவுக் கைப்பிடி. "என்ஜின் போர் பண்ணிடலாம் சார். இந்த விளக்குக் கண்ணாடி எந்தக் கடையில கிடைக்கும்?" என்றார். செய்யக்கூடிய வேலைக்குக் கூலி உண்டு. கிடைக்காத பொருளுக்கு அலைச்சல்தான் விலை. புது வண்டி வாங்குகிறவர் என்ஜினைப் பற்றிக் கவலைப்படுவார். கிழ வண்டி வாங்குகிறவர் விளக்குக் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

பிறகு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இதே போன்ற நாலு கதவு வண்டி, நல்ல நிலையில், எவ்வளவுக்குப் போகிறது? இங்கே ஓர் எச்சரிக்கை: விளம்பரத்தில் கேட்கும் விலை விலையாகாது, கை மாறிய பணம்தான் விலை. மேஸ்திரி தாமே வேலை பார்த்து, பணம் எண்ணிக் கொடுத்ததையும் கண்ணால் கண்ட மூன்று வண்டிகளைச் சொன்னார். அவற்றின் நடுவிலை 4,50,000 ரூபாய். இந்த வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவரச் செலவு: டிங்கரிங் 70,000, பெயின்ட் 60,000, என்ஜின் 45,000, பிரேக், டயர், ரப்பர் 35,000, மெத்தை வேலை 25,000, இல்லாத சாமான்கள் 15,000. மொத்தம் 2,50,000. மீதி இரண்டு லட்சம். பிரித்த பிறகு தெரியவரும் கோளாறுகளுக்காகச் செலவில் பத்தில் ஒரு பங்கு, 25,000, கழித்தோம். 1,75,000 ஆயிற்று. ஒரே சொந்தக்காரர், பிறந்த என்ஜின், பழைய எண், காகிதங்கள் எல்லாம் சுத்தம். அவற்றுக்காக 20,000 கூட்டினோம்.

அப்போதுதான் டீச்சரம்மா உள்ளே போய் ஒரு நீல அட்டை நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். டாக்டர் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு நாளும் தேதி, அளவு, ஓடிய தூரம், போன ஊர் எல்லாம் எழுதியிருந்தார். சில இடங்களில் ஏன் போனார் என்றும் இருந்தது: 'பிரசவம்', 'பாம்புக்கடி', இப்படி. மேஸ்திரியின் கண் விரிந்தது. "இது வண்டியோட ஜாதகம் சார். இதுக்குத் தனியா பதினஞ்சாயிரம் போடலாம்" என்றார். ஆக 2,10,000.

தரகர் சொன்ன எழுபதாயிரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது? இதற்கு ஒரு பொருளாதார சாஸ்திரமே இருக்கிறது. 1970-ல் ஜார்ஜ் ஏகர்லாப் என்ற அமெரிக்கர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்காகப் பிற்பாடு, 2001-ல், நோபல் பரிசில் பங்கு பெற்றார். மோசமான பழைய காருக்கு அமெரிக்காவில் 'எலுமிச்சம்பழம்' என்று பெயர். நாம் புது வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம்; அவர்களுக்கு வண்டியே எலுமிச்சம்பழம்! விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்துக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க வரமாட்டார். கடைசியில் சந்தையில் எலுமிச்சம்பழங்கள் மட்டும் மிஞ்சும் என்பது அவர் வாதம்.

நல்ல வாதம்தான். ஆனால் படப்பை மாட்டுக் கொட்டகையில் நிலைமை தலைகீழ். அங்கே வாங்க வந்தவருக்கு எல்லாம் தெரியும். விற்பவருக்குத்தான் ஒன்றும் தெரியாது. தரகரின் எழுபதாயிரம் வண்டிக்கு இட்ட விலையல்ல. டீச்சரம்மாவின் அறியாமைக்கு இட்ட விலை. அமெரிக்கப் பையனுடைய பதினைந்து லட்சமும் அறியாமைதான். திசை மட்டும் வேறு. 2022-ல் ஸ்டுட்கார்ட்டில் 1955-ஆம் வருஷத்து மெர்ஸிடிஸ் ஒன்று பதின்மூன்றரைக் கோடி யூரோவுக்குப் போயிற்று. உலகத்தில் அப்படிச் செய்தது இரண்டே இரண்டு. எவ்வளவு பழையது என்பதைவிட எவ்வளவு அரிது, எத்தனை பேர் அதற்கு ஏங்குகிறார்கள் என்பதுதான் அந்த விலையைத் தூக்கிற்று. வயது மட்டும் விலையாகுமானால் நம் ஊர்ப் பாறைகளெல்லாம் கோடி பெறும்.

பழமைக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 2021-ல் மத்திய சர்க்கார் விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்து, சட்டம், உடல், என்ஜின் ஆகியவை பெரிய மாற்றமில்லாமல் இருக்கும் வண்டி புராதன வண்டி. புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய் கட்டணம். பத்து வருஷம் செல்லும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும். டீச்சரம்மாவின் ஹெரால்டு இந்தப் பந்திக்கு வயதால் தகுதி பெற்றுவிட்டது. கௌரவம் கூடிற்று, பிரயோஜனம் குறைந்தது. விலை பேசுகிறவர் இரண்டையும் எண்ண வேண்டும்.

'பெரிய மாற்றமில்லாமல்' என்றால் எவ்வளவு? இந்தக் கேள்வி இங்கிலாந்தில் 1990-ல் கோர்ட்டு ஏறியது. 1929-லும் 1930-லும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி வண்டி ஒன்று. 'பழைய முதல் எண்' என்று அதற்குச் செல்லப் பெயர். ஒரு கோடி பவுனுக்கு விலை பேசி முடித்த பிறகு வாங்குகிறவர் பின்வாங்கினார். சட்டம் மாறிவிட்டது, என்ஜின் மாறிவிட்டது, உடல் மாறிவிட்டது. இது அந்த வண்டியே அல்ல என்றார். நீதிபதி ஆட்டன் பொறுமையாக எல்லாவற்றையும் விசாரித்தார். பாகங்கள் மாறியது மெய். ஆனாலும் மாற்றங்கள் படிப்படியாக நடந்தன, வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, ஆகவே அந்தப் பெயருக்கு உரியது இதுவே என்று தீர்ப்பளித்தார்.

நமக்கு இந்தத் தீர்ப்பு ஆச்சரியமாகப் படாது. செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கினாள். பழைய செங்கல் போய்விட்டது. ஆயினும் கோயில் அதே கோயில், தலபுராணம் அதே புராணம். திருப்பணி என்ற சொல்லே அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பணிக்கும் கல்வெட்டு வேண்டும். யார் எப்போது எதை மாற்றினார் என்று எழுதி வைத்தால் அது வரலாறு. எழுதாமல் மாற்றினால் வெறும் ரிப்பேர்தான். மேஸ்திரி நீல நோட்டுக்குப் பதினைந்தாயிரம் மதிப்பிட்டது இதனால்தான்.

வண்டியை வாங்க வந்தவர் ஒரகடத்தில் ஓர் ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர். அவர் வேலை செய்யும் பகுதியில் உடல் பாகங்களை இயந்திரக் கைகள்தான் ஒட்டுகின்றன. ஹெரால்டின் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, போல்ட்டுகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எழுதிய கணக்குத் தாளை டீச்சரம்மா அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். டிங்கரிங் முதல் விளக்குக் கண்ணாடி வரைக்கும் அதில் இருந்தது. துருப்பிடித்த இடங்களையும் பட்டி வைத்த கதவையும் மேஸ்திரி விரல் வைத்துக் காட்டினார். பையன் தாளை இரண்டு முறை படித்தார். பெயின்ட் செலவு இன்னும் ஐயாயிரம் கூட ஆகும் என்றார். மேஸ்திரி, தெரிந்த பட்டறை இருக்கிறது, ஆகாது என்றார். அவ்வளவுதான் பேரம். 2,10,000 என்று முடிந்தது.

பணத்தை எண்ணி வைத்த பிறகு டீச்சரம்மா நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தம்பி, இதுக்கு எவ்வளவுன்னு போட்டீங்க?"

"பதினைந்தாயிரம்."

பதினைந்தாயிரத்தை எண்ணிப் பையனிடம் திருப்பிக் கொடுத்தார். "வண்டி உங்களுது. இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார். பையன் வேண்டாமென்று மறுத்தார். நோட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பணத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். டீச்சரம்மா கேட்கவில்லை. "கணக்குன்னா கணக்குதான்" என்றார். ஒன்று மட்டும் சம்மதித்தார்: அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளலாம். பையன் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படமெடுக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

1,95,000 ரூபாய் மாடித் தளத்துக்குப் போதுமா என்று நான் கேட்கவில்லை. மழைக்கு முன் வேலை முடிந்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பழைய கார் விலையைப் பற்றி வாசகர்கள் யாராவது என்னைக் கேட்டால், இவ்வளவு சொல்வேன். எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். இருப்பதைவிட இல்லாததை எண்ணுங்கள். கேட்ட விலையை விட்டுக் கொடுத்த விலையை விசாரியுங்கள். நல்ல நிலையில் என்ன பெறுமோ அதிலிருந்து அந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழியுங்கள். தெரியாத கோளாறுக்குக் கொஞ்சம் விடுங்கள். எழுதி வைத்த வரலாற்றுக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். பிறகு அந்தத் தாளை எதிராளியிடம் காட்ட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டத் தயக்கமாயிருந்தால், விலையில் வண்டியைத் தவிர வேறு ஏதோ கலந்திருக்கிறது.

சந்தைத் தரகர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது. துண்டு வெயிலுக்கு நல்லது. வியர்வை துடைக்க நல்லது. தலைக்குக் கட்டிக்கொண்டால் அழகாகவும் இருக்கிறது. விலை பேசும்போது மட்டும் அதைத் தோளிலேயே வைத்துக்கொள்ளலாம்.